உதவி: ஃபேப்ரிக்ல மீட்டர் பதிவு ஏற மாட்டேங்குது, 11-ன்னு வருது

நொய்யல்கரை:
அவசரம்ங்க. சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்புல ஃப்ளோ மீட்டர் அளவை ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்ல (பல தரப்பு சேர்ந்து நடத்துற பிளாக்செயின்) எழுதுறோம். மேசையில ஒரு மீட்டர் வச்சுப் பார்த்தப்ப நல்லா ஓடுச்சு. சைட்ல மாட்டினதும் அஞ்சுக்கு நாலு பதிவு 11-ன்னு தள்ளுபடி ஆகுது. பியர் (பதிவேட்டை வச்சிருக்கிற சர்வர்), ஆர்டரர் (பதிவுகளை வரிசைப்படுத்திப் பிளாக்கா கட்டுற சர்வர்) எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. என்ன பண்றதுங்க?

மாட்பஸ்காரன்:
மொத்தம் எத்தனை மீட்டர்? எத்தனை நொடிக்கு ஒரு தடவை? மீட்டர்ல இருந்து வர்ற ஆர்எஸ்485 லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கீங்களா?

மணிக்கூண்டு:
கேட்வே (மீட்டரைப் படிச்சு அனுப்புற பெட்டி) ராஸ்பெரி பை 4-ஆ? அதுல ஆர்டிசி, அதாவது கரண்ட் இல்லாமலும் ஓடுற கடிகாரம், கிடையாது. கரண்ட் போய் வந்தா பழைய நேரத்துலதான் எழும், சான்றிதழ் செல்லாதுன்னு ஆயிடும். டிஎஸ்3231 கடிகார சிப் ஒண்ணு, சிஆர்2032 பேட்டரி ஒண்ணு. முதல்ல அதை மாட்டுங்க.

வரிசைமுறை:
நேரம் தப்புன்னா டிஎல்எஸ் (சான்றிதழ் பார்த்து நடக்கிற பாதுகாப்பு) இணைப்பே நிக்காது, பதிவு பிளாக் வரைக்கும் வந்திருக்காது. 11-ன்னா எம்விசிசி ரீட் கான்ஃபிளிக்ட், படிச்ச மதிப்பை எழுதுறதுக்குள்ள வேற பதிவு மாத்திடுச்சுன்னு அர்த்தம். செயின்கோடுல (ஃபேப்ரிக்ல ஓடுற நிரல்) எந்தக் கீயை (மதிப்பைச் சேமிக்கிற பெயர்) படிச்சு எந்தக் கீயில எழுதுறீங்க? அந்த நாலு வரியை இங்க ஒட்டுங்க.

நொய்யல்கரை:
14 மீட்டர், 5 நொடிக்கு ஒரு தடவை, 4 கேட்வே, பை 4 தான். ‘மொத்தம்’னு ஒரு கீ. கெட்ஸ்டேட்ல எடுத்து, புது அளவைக் கூட்டி, புட்ஸ்டேட்ல எழுதுறோம். பேட்ச் டைம்அவுட்டை (ஒரு பிளாக்கை மூட எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கிறது) தொடலை, இருந்தபடியே 2 நொடிதான்.

பழையசங்கிலி:
இது ஃபேப்ரிக்கின் அரிச்சுவடி. எண்டார்ஸ் ஆகும்போது (பியர் நிரலை ஓட்டி ஒப்புதல் தரும் கட்டம்) படித்த பதிப்பு, பிளாக் உறுதியாகும்போதும் அதேதானா என்று பியர் பார்க்கும். 14 மீட்டர், 5 நொடி என்றால் நொடிக்கு 2.8 பதிவு. 2 நொடி பிளாக்கில் ஐந்தாறு பதிவு சேரும். எல்லாமே ‘மொத்தம்’ கீயின் ஒரே பதிப்பைப் படித்தவை. முதலாவது செல்லும், மற்றவை விழும். உங்கள் அஞ்சுக்கு நாலு கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆவணத்தைப் படித்துவிட்டுக் கட்ட இறங்கியிருந்தால் இங்கே வந்திருக்கவே வேண்டாம்.

பிளாக்வேகம்:
பேட்ச் டைம்அவுட்டை 200 மில்லிநொடிக்கு இறக்குங்க. தீர்ந்துடும்.

வரிசைமுறை:
குறையும், தீராது. நாலு கேட்வேயும் ஒரே நொடியில மீட்டரைப் படிச்சு அனுப்பினா அப்பவும் மோதும். ரெண்டு பதிவுக்கு ஒரு பிளாக்னு வெட்டி டிஸ்க்கும் நிறையும். வடிவத்தை மாத்துங்க:

மீட்டர் எண், வரிசை எண் ரெண்டையும் சேர்த்துக் காம்போசிட் கீ. கெட்ஸ்டேட் வேண்டாம், புட்ஸ்டேட் மட்டும். படிக்காம எழுதினா மோத எதுவும் இல்லை. கூட்டலையும் எடுத்துடுங்க. மீட்டருக்குள்ளயே டோட்டலைசர் (மொத்த ஓட்டத்தை எண்ணிக்கிட்டே போறது) ஓடுது, அதோட ரெஜிஸ்டர்ல உள்ள எண்ணை அப்படியே எழுதினா போதும். நடுவுல ஒரு பதிவு விட்டாலும் கணக்கு கெடாது. 14 மீட்டரோட கடைசி அளவையும் கூட்டுறது எவாலுவேட் (படிக்க மட்டும்) அழைப்புல நடக்கட்டும். சப்மிட்டுக்குள்ள (எழுதுற அழைப்பு) ரேஞ்ச் குவெரி (பல கீயை ஒரே தேடல்ல எடுக்கிறது) போட்டீங்கன்னா 11 போய் 12 வரும், அது ஃபேன்டம் ரீட், தேடின பிறகு அந்த வரம்புக்குள்ள புது கீ முளைச்சிடுச்சுன்னு அர்த்தம்.

விழுந்த பதிவுகள் தொலையலை. செல்லாதுன்னு குறி போட்டு பிளாக்குக்குள்ளயேதான் கிடக்கு, தேடி எடுத்துக்கலாம்.

மாட்பஸ்காரன்:
டோட்டலைசர் பெரும்பாலும் 32 பிட், ரெண்டு ரெஜிஸ்டர். அந்த ரெண்டோட வரிசை (வேர்டு வரிசை) மாறிப்போனா எண் காட்டுத்தனமா வரும். மீட்டர் டிஸ்ப்ளேயோட ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்க.

பழையசங்கிலி:
இன்னும் அடிப்படையைத் தொடவில்லை. மீட்டர் பேசும் மாட்பஸ் நெறிமுறையில் கையெழுத்து கிடையாது. அதன் சிஆர்சி-16 சரிபார்ப்பு எண் இரைச்சலைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது. மீட்டருக்கும் கேட்வேக்கும் நடுவே ஒரு லேப்டாப்பைச் செருகினால் பொய்யும் அழியாமல் பதிவாகும். பியர் எல்லாம் ஒரே பட்டறையின் ரேக்கில் இருந்தால் இதற்கு பிளாக்செயினே தேவையில்லை. கையெழுத்திட்ட பதிவேட்டை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வைத்தாலே போதும்.

மணிக்கூண்டு:
அதை ஒத்துக்க முடியலை. பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம், துணி வாங்குறவங்க, மூணு தரப்பும் ஆளுக்கொரு பியர் வச்சா யாரும் பழைய எண்ணைச் சத்தமில்லாம மாத்த முடியாது. 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர்ல அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. கேட்வேல ஏடிஇசிசி608 சிப் வச்சுட்டா கையெழுத்துப் போடுற சாவி வெளியே வராது.

பழையசங்கிலி:
சிப் கேட்வேயைத்தான் காக்கும். பிஎச் (அமில, காரத் தன்மை) அளக்கும் புரோபை நல்ல தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் சிப் அந்த 7-க்கும் கையெழுத்துப் போடும். அப்புறம், ராஃப்ட் முறையில் ஓடும் ஆர்டரர் நின்றுபோன நோடை (கணினியை) தாங்கும், ஏமாற்றும் நோடைத் தாங்காது. அதற்குத்தான் ஃபேப்ரிக் 3.0-இல் ஏமாற்றையும் தாங்கும் பிஎஃப்டி முறை வந்தது.

மாட்பஸ்காரன்:
வாளிக்கு மருந்து தண்ணிக் கணக்குதான். உள்ள வந்த தண்ணி ஒரு பக்கம், ஆர்ஓ பெர்மியேட் (வடிகட்டி வந்த தண்ணி), எவாப்பரேட்டர் கண்டென்சேட் (ஆவியாக்கிக் குளிர வச்ச தண்ணி), ஸ்லட்ஜோட (கசடு) போற ஈரம் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒத்துப்போகணும். ஆர்ஓ பம்போட கரண்ட் யூனிட்டையும் கூடவே எழுதுங்க. தண்ணி ஓடினதா எண் வந்து கரண்ட் ஏறலைன்னா அங்கேயே தெரிஞ்சுடும்.

பிளாக்வேகம்:
200 மில்லிநொடியை யாராவது போட்டுப் பார்த்தீங்களா?

வரிசைமுறை:
5 நொடி அளவு எல்லாத்தையும் செயின்ல ஏத்தவே வேண்டாம். நிமிஷத்துக்கு 168 அளவு வருது. அதை வெளி டேட்டாபேஸ்ல வச்சு, மெர்க்கிள் ரூட் (எல்லா அளவுக்கும் சேர்த்து ஒரே கைரேகை மாதிரி) 32 பைட்டை மட்டும் செயின்ல எழுதுங்க. அப்புறம் டைம்அவுட் பத்தின பேச்சே வராது.

நொய்யல்கரை:
கீயைப் பிரிச்சாச்சுங்க, 11 நின்னுடுச்சு. மூணு மீட்டர்ல வேர்டு வரிசை தலைகீழா இருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். நன்றிங்க.

வரிசைமுறை:
நல்லது. எண்டார்ஸ்மென்ட் பாலிசி (யார் யார் ஒப்புதல் தரணும்ங்கிற விதி) என்ன வச்சிருக்கீங்க? ‘யாராவது ஒருவர்’னு இருந்தா பட்டறை பியர் மட்டுமே ஒப்புதல் குடுத்துடும். மூணுல ரெண்டுன்னு மாத்துங்க. செயின்கோடை அப்ரூவ் பண்ணும்போதும் கமிட் பண்ணும்போதும் அதே பாலிசியைக் குடுக்கணும், சீக்வென்ஸ் எண்ணை ஒண்ணு ஏத்தணும்.