தோள்பட்டைத் தசைநார் கிழிசல்: ஸ்டீராய்டு ஊசியா, பிஆர்பியா?

பெயின்டர்மகள்_மதுரை:
அப்பாவுக்கு 56 வயது, பெயின்டர். சீலிங்குக்கு ரோலர் பிடித்துப் பிடித்து வலது தோள் போய்விட்டது. சட்டை போடும்போது இடது கையால் வலது கையைத் தூக்கிக் கொடுக்கிறார். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் இல்லை. எம்ஆர்ஐயில் சுப்ராஸ்பினேட்டஸ் என்ற தோள் தசைநாரில் பார்ஷியல் டியர், அதாவது ஓரளவு கிழிசல் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி என்கிறார், இன்னொருவர் பிஆர்பி என்கிறார். அப்பா சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். எதற்குப் போவது?

பிசியோ_திருச்சி:
தங்கச்சி, தினமும் இதே தோள்களைத்தான் பார்க்கிறேன். ஸ்டீராய்டு ஊசி கிழிசலை ஒட்டவைக்காது. வீக்கத்தை அடக்கி, சில வாரம் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். எனக்குப் பயமே அங்கேதான். வலி போனதும் சரியாகிவிட்டது என்று மறுநாளே ரோலரைத் தூக்கிவிடுவார்கள். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாரே பலவீனமாகலாம்.

2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 708 பேரைப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு முதல் இரண்டு மாதத்தில் கொஞ்சம் கூடுதல் நிம்மதி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களோடு வித்தியாசம் இல்லை.

பிஆர்பி என்பது அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துப் போடுவது. முதல் சில நாள் வலி கூடலாம். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 2013இல் துருக்கியில் நடந்த ஒன்றில் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. கடன் வாங்கிப் போடாதீர்கள்.

வலியால் கையையே அசைக்க முடியவில்லை என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி தப்பில்லை. அந்த இடைவெளியில் பயிற்சி நடக்க வேண்டும்.

சேலம்_ரவி:
சுகர் விஷயத்தில் கவனம். எனக்குத் தோளில் ஸ்டீராய்டு போட்ட மறுநாள் வெறும் வயிற்றிலேயே 240. அடங்க ஒரு வாரம் பிடித்தது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, வீட்டில் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டர்மகள்_மதுரை:
நன்றி அண்ணா. வேலையை முழுசா விடச் சொன்னால் கேட்க மாட்டார். என்ன பயிற்சி?

பிசியோ_திருச்சி:
முழுசா விட வேண்டாம்மா. நெஞ்சு உயரம் வரை சுவர் அடிக்கட்டும், சீலிங்கை வேறு ஆளுக்குக் கொடுக்கட்டும். பயிற்சிக்கு, ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு. துண்டு விழாமல் முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் இழுக்கணும். மறுநாள் வரை வலி நீடித்தால் லேசான பேண்டுக்கு மாறுங்கள். முதல் தடவை நேரில் ஒரு பிசியோவிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பின்னால் ஆபரேஷன் பேச்சு வந்தால், ஸ்டீராய்டு போட்ட தேதியை சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் செய்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடும்.