ஸபாலியோனே: கிளாஸில் ஊற்றியதும் அடியில் ஒயின் பிரிகிறது, ஏன்?

நுரைமகன்:
ஸபாலியோனே, அதாவது மஞ்சள் கரு, சர்க்கரை, ஒயின் சேர்த்து நுரையா அடிக்கிற இத்தாலிய இனிப்பு செய்யறேன். 4 மஞ்சள் கரு, 80 கிராம் சர்க்கரை, 150 மி.லி. இனிப்பு மார்சலா (ஆல்கஹால் கூட்டின சிசிலி ஒயின்). கண்ணாடிக் கிண்ணத்தை வெந்நீர் மேல வச்சு அடிக்கிறேன். நுரை நல்லாவே பொங்குது. ஆனா கிளாஸ்ல ஊத்தி பத்து நிமிஷத்துல அடியில தண்ணியா ஒயின் நிக்குது. இன்னும் கொஞ்சம் சூடு காட்டினா குருணை குருணையா திரிஞ்சுடுது. எங்க நிறுத்தணும்?

சீனிக்கரண்டி:
பொங்கினதை வெந்ததுன்னு எடுத்துக்கிறீங்க. 50 டிகிரியிலேயே நுரை வந்துடும். கரு கெட்டிப்பட 70-ஐத் தாண்டணும். அதுக்கு முன்னாடி இறக்கினா நுரையைத் தாங்க எதுவும் இல்லை, ஒயின் கீழே வடிஞ்சுடும். தெர்மாமீட்டர் இருந்தா 75-ல எடுங்க. 82-ஐ நெருங்கினா திரிய ஆரம்பிக்கும்.

திரியறதுக்குக் காரணம் பெரும்பாலும் கிண்ணம்தான். கனமான கண்ணாடி மெதுவா சூடேறும், இறக்கின பிறகும் சூட்டை விடாது. மெல்லிய ஸ்டீல், அடி உருண்டையா இருக்கணும். மூலை இருந்தா விஸ்க் (அடிக்கிற கம்பிக் கரண்டி) எட்டாத இடத்துல கரு வெந்துடும். இத்தாலியில இதுக்குன்னே ஈயம் பூசாத, அடி உருண்ட செம்புச் சட்டி உண்டு. அலுமினியம் வேண்டாம், நிறம் சாம்பலாகும். தண்ணி கொதிக்கக் கூடாது, கிண்ணத்தோட அடியைத் தொடவும் கூடாது. பக்கத்துல ஒரு தட்டுல குளிர்ந்த தண்ணி வச்சுக்குங்க. ஓரத்துல கெட்டிப்படறது தெரிஞ்சா உடனே அதுல இறக்கி வேகமா அடிங்க. குருணை விழுந்துட்டா மீளாது, வடிகட்டலாம், அவ்வளவுதான்.

மொஸ்காட்டோ:
அளவையும் பாருங்க. பழைய கணக்கு ஒரு கருவுக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை முட்டை ஓடு ஒயின். 4 கருவுக்கு 100 முதல் 120 மி.லி. போதும். 150 ஊத்தினா கெட்டிப்பட நேரமாகும், பொறுமை போய் தீயைக் கூட்டுவீங்க.

இனிப்பு மார்சலான்னா சர்க்கரையை 60 கிராமாக் குறைங்க. எனக்கு உலர் மார்சலாதான் பிடிக்கும், கருவோட கொழுப்புக்கு அந்தக் கசப்பு வேணும். சமையலுக்குன்னு உப்பு சேர்த்து விக்கிற மார்சலா வேண்டவே வேண்டாம். வடமேற்கு இத்தாலியில பீட்மாண்ட் பக்கம் மொஸ்காட்டோ தாஸ்திங்கிற இனிப்பு வெள்ளை ஒயின் ஊத்துவாங்க. அதுல ஆல்கஹால் 5 சதவீதம்தான், மார்சலாவில 17, 18 இருக்கும். சுவை ரொம்ப மென்மையா வரும்.

இன்னொண்ணு: சர்க்கரையைக் கரு மேல கொட்டிட்டு அப்படியே விடாதீங்க. அது ஈரத்தை இழுத்து, கரையாத மஞ்சள் மணிகள் உருவாகும். திரிஞ்ச மாதிரியே இருக்கும், சூட்டைக் குறை சொல்லுவோம். கொட்டினதும் அடிங்க, வெளுத்த பிறகு ஒயினைச் சிறிது சிறிதா.

நுரைமகன்:
தெர்மாமீட்டர் இல்லை. முன்கூட்டியே செஞ்சு வைக்க முடியுமா?

சீனிக்கரண்டி:
விஸ்க்கைத் தூக்கினா நாடா மாதிரி விழற கலவை மேற்பரப்புல மூணு நாலு விநாடி மறையாம நிக்கணும். விஸ்க் அடியில இழுத்த தடமும் உடனே மூடக் கூடாது. விடாம அடிச்சா எட்டு, பத்து நிமிஷம் ஆகும்.

சூடான ஸபாலியோனே காத்திருக்காது, உடனே பரிமாறணும். முன்கூட்டியே வேணும்னா ஐஸ் தண்ணி மேல வச்சு முழுசா ஆறும்வரை அடிங்க. பாதி சூட்டுல க்ரீம் சேர்த்தா க்ரீம் உருகிடும். ஆறினதும் அடிச்ச க்ரீம் 150 மி.லி. கலந்து ஃப்ரிட்ஜ்ல வைங்க, சில மணி நேரம் தாங்கும். ஸ்ட்ராபெர்ரியோட சாப்பிட இந்தக் குளிர்ந்த வகைதான் மேல். சவோயார்டின்னு சொல்ற நீள ஸ்பாஞ்ச் பிஸ்கட்டுன்னா சூடானதுதான்.