ஆலாபனை கேட்கும்போது மனசு வாயை மூட மாட்டேங்குது

வணக்கம். வயது 46, மயிலாப்பூர். நாற்பதில்தான் கர்நாடக சங்கீதம் கற்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் கேட்டபோது கண் கலங்கும். இப்போது ஆலாபனை (வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது) தொடங்கின நொடியே உள்ளே ஒருத்தி ஸ்வரங்களுக்கும் ராகத்துக்கும் பெயர் சொல்லி வர்ணனை ஆரம்பித்துவிடுகிறாள்: "ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம்... பைரவிதான்!" கண்டுபிடித்த பிறகாவது நிறுத்துவாளா என்றால் இல்லை. ஒன்றுபோல ஒலிக்கும் ராகங்களான தர்பாரா நாயகியா என்று சந்தேகம் வந்தால் தொலைந்தேன், பாட்டுக்குப் பிறகு மிருதங்கக்காரர் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரை அதே ரோதனை. மற்றபடி சாகித்யம் (பாட்டின் வரிகள்) வந்ததும் கொஞ்சம் அடங்கும். ஆலாபனையில்தான் பாடு. இரண்டு வருஷமாக இப்படி.

கண்ணை மூடிப் பார்த்தேன், பேச்சு இன்னும் சத்தமாகிறது. மூச்சை எண்ணினேன், எண்ணிக்கையும் வார்த்தைதானே. தாளம் போடாமல் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், விரல் அங்கேயும் எண்ணுகிறது.

மூன்று மாதமாகக் காலையில் 20 நிமிஷம் தம்புரா மட்டும் மீட்டிக் கேட்கிறேன். இதில்தான் கொஞ்சம் பலன். மந்தர சட்ஜம் (கீழ் ஸ்தாயி 'ஸ') ஒலித்து அடங்கும்போது, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ('க' ஸ்வரம்) அதற்குள்ளிருந்து மெல்ல எழும். அந்த ஒரு கணம் உள்ளே சத்தமே இருக்காது. அடுத்த கணம் "ஆஹா, காந்தாரம்!" என்று அவள் வந்து கெடுத்துவிடுவாள்.

"தியானம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் ஆயிற்று.

கற்றதை இழக்காமல், ஆலாபனை முடியும்வரை இந்தப் பெயர் சொல்லும் குரலை ஓரமாக உட்கார வைக்க உங்களில் யாருக்காவது கைகொடுத்த பயிற்சி எது?