புதிதாக வருபவருக்கு ஜீனோவைத்தான் கொடுக்க வேண்டுமா?

மூங்கில்நிழல்:
போன ஞாயிறு பெங்களூரு கப்பன் பார்க்கில் நாம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து சேர்ந்துகொண்டாள். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து பாட்டி சொல்லிக் கொடுத்தது. ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'ட்யூன்' என்ற அறிவியல் புனைகதை வரிசை ஆறையும் முடித்திருக்கிறாள். "தமிழில் எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே குரலில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்றோம், ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிற நாவல். நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின் உறுத்தியது.

எண்பதுகளில் விகடனில் தொடராக வந்த கதை அது. வாரம் ஒரு முடிச்சு, அடுத்த வாரம் வரை காத்திருக்க ஒரு திடுக்கிடல். சுஜாதாவை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவரைப் படித்துத்தான் வளர்ந்தேன். ஆனால் மணல், தண்ணீர், மதம், அரசியல் எல்லாம் பின்னிக் கிடக்கும் உலகத்தில் ஆறு புத்தகம் வாழ்ந்துவிட்டு வருபவளுக்கு ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? சித்த மருத்துவம், ரசவாதம் என்று நம் மரபுக்குள்ளிருந்தே அறிவியல் கேள்வி எழும்புகிற கதைகள். முப்பது நாற்பது வருஷமாக ஒரே வாசலைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அதுதான் என் வருத்தம்.

ஜாலஹள்ளிவாசி:
தம்பி, நான் விகடனில் அதை வாராவாரம் படித்தவன். முடிச்சுக்காக மட்டும் படிக்கவில்லை. கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: குழந்தை பெற்றுக்கொள்ள கதாநாயகி நிலாவுக்கு அரசாங்கத்திடமிருந்து அனுமதி வருகிறது. எமர்ஜென்சியில் நடந்த கட்டாயக் கருத்தடை எங்கள் தலைமுறைக்கு மறக்கவே இல்லை. தெருவில் ஆள் பிடித்துப் போன கதையெல்லாம் காதில் விழுந்தபடி இருந்த காலம். அந்த முதல் அத்தியாயத்தைப் படித்தபோது என் மனைவி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை. இதை வெறும் விறுவிறுப்பு என்று ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று. சுஜாதா இங்கே ஜாலஹள்ளி பி.இ.எல்.லில் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்த கை எழுதியதால்தான் ஜீனோ புத்தகம் படிப்பதையும் யோசிப்பதையும் நம்ப முடிகிறது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்ணுக்கு அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்கள் கை கொடுக்கும். 'விசும்பு' நல்ல புத்தகம்தான். முதல் புத்தகம் அது இல்லை.

மூங்கில்நிழல்:
சார், சுலபமானதைக் கொடுப்பதுதான் மரியாதையா? பாலைவனத்துக் கிரகத்தின் சூழலியலைப் புரிந்துகொண்டவளுக்குத் தமிழ் வாக்கியம் நாலு வரி நீண்டால் மூச்சு முட்டிவிடுமா?

வேதாளப்ரியை:
முட்டும் அண்ணா. நானும் இந்த ஊரில் தமிழைப் பின்னால் கற்றுக்கொண்டவள், அந்த மூச்சுமுட்டல் எனக்குத் தெரியும். கதை புரியாமல் இல்லை, எழுத்தே கண்ணை நிறுத்தும்.

ஆனால் நீங்கள் இரண்டு பேருமே ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையாகப் படித்த வேதாளம் எங்கே போனது? மிகுபுனைவில், அதாவது ஃபேன்டஸியில், மாயத்துக்கு விதி வேண்டும் என்கிறார்கள். இதைவிட இறுக்கமான விதியைக் காட்டுங்கள்: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். அறிவே அந்த ராஜாவுக்குக் கண்ணி. அதை அவள் ஒரே மூச்சில் படிப்பாள்.

மூங்கில்நிழல்:
விதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உலகம் மாறுவதே இல்லையே தங்கச்சி. ஒவ்வொரு இரவும் அதே மரம். ட்யூனில் ஒருவன் எடுக்கும் முடிவு ஒரு கிரகத்தையே புரட்டிப்போடுகிறது.

வேதாளப்ரியை:
கடைசிக் கேள்விக்கு ராஜாவிடம் பதில் இல்லை. அந்த இரவில் எல்லாம் மாறுகிறது. மறுபடி படியுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:
'நம் மரபுக்குள்ளிருந்து' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1905-இல் மதராஸிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில் ரொக்கேயா என்ற வங்காள முஸ்லிம் பெண் 'சுல்தானாவின் கனவு' எழுதினார், ஆங்கிலத்தில். அந்த நாட்டில் பெண்கள் ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள். படையெடுத்து வந்தவர்களைச் சூரிய வெப்பத்தைத் திருப்பிவிட்டு விரட்டுகிறார்கள். மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். சித்தரும் இல்லை, ரசவாதமும் இல்லை. நம் மண்ணில் அச்சேறிய கதைதானே அதுவும்?

மூங்கில்நிழல்:
அச்சேறியது சரி, ஆனால் அவள் கேட்டது தமிழில். ஆங்கிலத்தில் அவளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 'மரபு' என்று நான் சொன்னது குறுகலாகத்தான் இருந்தது, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜாலஹள்ளி சார், அந்த அனுமதி விஷயத்தை நான் எமர்ஜென்சியோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவன் நான். போன ஞாயிறு நாம் அவளிடம் புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினோம், இதைச் சொல்லவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். 'விசும்பு'வையும் நான் எடுத்துக்கொண்டுதான் வருவேன், அதில் மாற்றமில்லை.

ஜாலஹள்ளிவாசி:
எடுத்து வாருங்கள் தம்பி. என்னிடம் தொடரிலிருந்து கிழித்துத் தைத்து வைத்த பிரதி இருக்கிறது, ஓரமெல்லாம் பொடிந்துவிட்டது. முதல் அத்தியாயத்தை அவளே சத்தமாகப் படிக்கட்டும். திக்கினால் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.