குழந்தைகளின் இணையத் தனியுரிமையும் பசுமைக் கட்டடச் சான்றும்: முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி

வணக்கம். பசுமைக் கட்டடச் சான்றுக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற வாரம் என் ஒன்பது வயது மகள், பள்ளியில் சொன்ன பாடச் செயலி ஒன்றை என் கைப்பேசியில் நிறுவினாள். பிறந்த ஆண்டைக் கேட்டதும் சற்றும் தயங்காமல் ஆண்டுச் சக்கரத்தை விரலால் உருட்டி 2001-இல் நிறுத்தி, 'அடுத்து' என்பதை அழுத்தினாள். அமெரிக்கக் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டமான கோப்பாவின் விதிகளுக்கு அந்தச் செயலி இணங்கியுள்ளது என்று அதன் பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தது.

கோப்பா 1998-இல் நிறைவேறி 2000-இல் நடைமுறைக்கு வந்தது. பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் லீட் தரமதிப்பீட்டின் முதல் பதிப்பும் 1998-இல்தான் வந்தது. 2000-இல் இரண்டாம் பதிப்பு. ஒரு கட்டடத்தின் முகப்பில் லீட் பலகையைக் கண்டால், அது எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தரவில்லை என்று எனக்குத் தெரியும். 110 புள்ளிகளில் 80 எடுத்தால் பிளாட்டினம் என்ற மிக உயர்ந்த தரம். அது பெரும்பாலும் வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் கிடைத்த மதிப்பெண். தனியுரிமை முத்திரையும் அத்தகையதுதானா? சட்டமும் மென்பொருளும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இரண்டின் பிறப்பும் வேறு, ஐயா. லீட் அரசு சாராத ஓர் அமைப்பு உருவாக்கிய விருப்பத் தரமதிப்பீடு. வாஷிங்டன் நகரம் பின்னர்தான், 2006-இல், அதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கோப்பாவில் சட்டம்தான் முந்தியது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தகவலைத் திரட்டுவதற்கு முன்பு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். அந்தச் சட்டத்துக்குள் 'சேஃப் ஹார்பர்' என்ற ஓர் ஏற்பாடு உண்டு: அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஏற்றுக்கொண்ட தனியார் திட்டம் ஒன்றின் நெறிமுறைகளைப் பின்பற்றும் நிறுவனம், விதிக்கு இணங்கியதாகவே கருதப்படும். நீங்கள் பார்த்த முத்திரை உண்மையானதாக இருந்தால், அது அத்தகைய திட்டம் ஒன்று கொடுத்ததாக இருக்கும்.

இதில் புள்ளிக் கணக்கு கிடையாது. கட்டடத்தில் ஓரிடத்தில் விட்ட புள்ளியை, மிதிவண்டி நிறுத்துமிடம் அமைத்து வேறோர் இடத்தில் ஈட்டிக்கொள்ளலாம். இங்கே பெற்றோரின் ஒப்புதல் இல்லாத குறையை எவ்வளவு அழகான தனியுரிமை அறிக்கையும் ஈடுசெய்யாது. இதைச் சட்டத்தின் வலிமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் தேர்ச்சிக்கு மேல் வெள்ளி, தங்கம் என்று எதுவும் இல்லாததால், தேவைக்கும் குறைவாகத் தகவலைத் திரட்ட வேண்டும் என்று முனைபவருக்குத் தனிப் பெருமையும் கிடைப்பதில்லை.

முத்திரை தருபவரை யார் கண்காணிப்பது என்பதும் முக்கியம். டிரஸ்ட்இ என்ற முத்திரை நிறுவனம், 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஆண்டு மறுஆய்வைச் செய்யாமலே விட்டுவிட்டது என்று ஆணையம் 2014-இல் குற்றம் சாட்டியது. 2 லட்சம் டாலர் செலுத்தி அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. 2021-இல் அரிஸ்டாட்டில் என்ற திட்டம் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

மறுமொழி 2

நான் ஆற்றல் தணிக்கை செய்பவன். முகப்பில் சான்றுப் பலகை பளபளக்கும் ஓர் அலுவலகத்தில், ஆள் நடமாட்டம் உணரும் கருவிகளின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். அடிக்கடி விளக்கு அணைகிறது என்பதுதான் காரணம். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் மின்மானி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாத மின்கட்டணத்தைப் பார்த்ததுமே குறை எங்கே என்று பிடிபட்டது. 2009-ஆம் ஆண்டு லீட் பதிப்பு, ஐந்தாண்டுகளுக்கு ஆற்றல், நீர்ப் பயன்பாட்டுத் தரவைப் பகிர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதே ஆண்டு நியூயார்க் நகரம், பெரிய கட்டடங்கள் தம் பயன்பாட்டை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. அந்த விவரங்களை யாரும் பார்க்கலாம். ஒரு குழந்தையின் இருப்பிடத் தகவல் நள்ளிரவில் எந்த சர்வருக்குப் போனது என்று காட்டும் மானி எங்கே இருக்கிறது?

மறுமொழி 3

அந்த மானியைச் சிலர் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பெர்க்லியின் பன்னாட்டுக் கணினி அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிற ஆய்வாளர்களும், குழந்தைகளுக்கான 5,855 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கி, அவை வெளியே அனுப்பும் தகவலைக் கவனித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவை கோப்பாவை மீறக்கூடும் என்று தெரியவந்தது. சான்று பெற்ற செயலிகளும் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டவையாக இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் அன்று. செயலியை எழுதுபவர், விளம்பரத்துக்கும் பயன்பாட்டுக் கணக்குக்கும் பிறர் எழுதிய நிரல்தொகுப்புகளை அப்படியே உள்ளே சேர்க்கிறார். அவை எதை எடுத்து எங்கே அனுப்புகின்றன என்று பல நேரம் அவருக்கே தெரிவதில்லை. மேலும், கட்டடம் கட்டியபடியே நிற்கும். செயலியோ மாதத்துக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படும். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஆய்வு, அடுத்த புதுப்பிப்புக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறைவடையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. பெற்றோர் ஒப்புதலைக் கேட்பதோடு, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் நடத்தைக் கண்காணிப்பையும் தடை செய்கிறது. 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. ஆனால் உங்கள் மகள் 2001 என்று உருட்டிய நொடியில், எந்தச் சட்டமும் அவளைக் குழந்தையாக அறியாமல் போய்விடுகிறது. அந்தக் கணக்கை நீக்கிவிட்டு, உண்மையான ஆண்டை இட்டு நீங்களே புதிதாகத் தொடங்கிப் பாருங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே செய்தேன். உண்மையான ஆண்டை இட்டதும், செயலி என் மின்னஞ்சலைக் கேட்டு நின்றது. ஒப்புதல் தரும் வரை மேலே செல்லவில்லை. முதல் முறை கேட்ட இருப்பிட அனுமதியையும் மைக் அனுமதியையும் இம்முறை கேட்கவே இல்லை. பழைய கணக்கில் சேர்ந்த தகவலை அழிக்கும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் எந்த ஆண்டை இட்டார்கள் என்று வகுப்பாசிரியரிடம் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.