ரப்பர் தொழிலாளர்களின் தூக்கமும் நினைவாற்றலும்: ஆய்வுமுறையில் உதவி தேவை

வணக்கம். குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன், உளவியல் முதலாண்டு மாணவி. எங்கள் பக்கம் ரப்பர் வெட்டுபவர்கள், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர்கள், விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களின் தூக்க நேரத்தையும் நினைவாற்றலையும் அளக்கப்போகிறேன். தோழிகள் இதைச் சோதனை என்கிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. யார் எப்போது எழவேண்டும் என்று நான் குலுக்கிப் பிரிக்கவில்லையே! இரண்டும் சேர்ந்து மாறுகின்றனவா என்று மட்டும் பார்க்கும் ஒட்டுறவு ஆய்வுதானே (correlation) இது? வயதும் உடல் களைப்பும் குறுக்கே நிற்க, தூக்கமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தார். அதே வழியில் இவர்களின் நினைவாற்றலை அளக்கலாம் என்று பார்த்தால், தமிழில் மெய், உயிர், மெய் என்று கோக்கும்போது கல், பல், நெல் என்று பொருள் வந்து நிற்கிறது. யாரிடமாவது பொருளற்ற தமிழ் அசைகளின் ஆயத்தப் பட்டியல் இருந்தால் பகிருங்கள். வெட்டு முடிந்து, சிரட்டையில் பால் வடியும் இடைவேளையில்தான் அவர்கள் உட்காருவார்கள். அதனால் நினைவாற்றலை அளப்பது 10 நிமிடத்தில் முடியவேண்டும்.