தம்பியின்ரை மியாட்டாவுக்கு டர்போ போடலாமோ?

குழு: எங்கட வீட்டாக்கள், ஸ்காபரோ

*வியாழன், பின்னேரம்*

தம்பி: சித்தப்பா, கார் வீட்டை வந்திட்டுது! 1990 மாஸ்டா மியாட்டா, 1.6 லீற்றர் எஞ்சின். 4,000 டொலர் சேர்த்து வைச்சிருக்கிறன். முழுக்க டர்போவுக்குப் போடப்போறன். என்ன சொல்லுறியள்?

அத்தான்: போடு மச்சான். 116 குதிரைவலு எண்டது இண்டையிலை கொரோலாவிலும் குறைவு.

சித்தப்பா: டர்போவைப் பேந்து கதைப்பம். முதல் டோர்ச் அடிச்சு, எஞ்சின் முன்னுக்கு கிராங்க் தண்டின்ரை முனையிலை பெல்ட் ஓடுற சில்லை, கிராங்க் புல்லியைப் பார். அதிலை எத்தினை வெட்டு இருக்கெண்டு எண்ணிச் சொல்லு.

தம்பி: [படம்] நாலு.

சித்தப்பா: நான் யோசிச்சது சரி. எட்டெண்டால் பிறகு வந்த நீள மூக்குக் கிராங்க். நாலெண்டால் குட்டை மூக்கு, 90இலையும் 91இன்ரை முதற் பாதியிலையும் வந்த எஞ்சின். இதிலை போல்ட் இளகினால், புல்லியை வழுக்காமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு, சாவி எண்டுறது, அது இருக்கிற காடி தேயத் தொடங்கும். பேந்து புல்லி ஆடும், டைமிங், அதுதான் வால்வும் பொறியும் வேலை செய்யிற நேரம், மாறும், இழுவை விழும். எஞ்சினை ஐடிலிலை விட்டு வீடியோ எடுத்து அனுப்பு.

அக்கா: முதல் வந்து சாப்பிடடா. அம்மா புட்டை மூடி வைச்சுக்கொண்டு நிக்கிறா.

தம்பி: [வீடியோ] நேராத்தான் சுத்துது போல. நாலு சிலிண்டரிலையும் கம்ப்ரஷன் அமுக்கமும் அளந்தனான். 178, 175, 180, 172 psi.

சித்தப்பா: மூண்டு தரம் பார்த்திட்டன், ஆட்டம் இல்லை. கம்ப்ரஷனும் 35 வருசம் தாண்டின எஞ்சினுக்கு அருமை. நல்ல கார்தான் வாங்கியிருக்கிறாய் ராசா.

அத்தான்: அப்ப டர்போ தாங்கும் தானே மாமா?

சித்தப்பா: அந்தக் கிராங்க்கை நம்பி நான் போட விடமாட்டன். அதோடை டர்போ எண்டால் காத்தை அமத்தி எஞ்சினுக்கை தள்ளுற அந்தச் சாமான் மட்டுமில்லை. பெரிய இன்ஜெக்டர், வேறை கொம்பியூட்டர், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் வேணும். 90இலிருந்து 93 வரைக்கும் வந்ததிலை பின் டிஃப், பின் சில்லு இரண்டுக்கும் இழுவையைப் பிரிக்கிற கியர்ப்பெட்டி, 6 அங்குலம். 94இலை 1.8 எஞ்சினோடைதான் 7 அங்குலம் வந்தது. இழுவை கூடினால் அடுத்ததா உடையிறது உந்தச் சின்ன டிஃப்தான். நான் கராஜிலை நிண்ட காலத்திலை ஒரு பெடியன் இப்பிடித்தான் துவங்கினவன். பாதியிலை காசு முடிஞ்சுது. கழட்டின மியாட்டா இரண்டு விண்டர் பின்வளவிலை கிடந்தது. கடைசியா பெட்டி பெட்டியா வித்தான். எனக்கு இப்பவும் அந்தக் கார் கண்ணுக்கை நிக்குது.

தம்பி: அப்ப காத்து ஃபில்டரும், புகை வெளியேறுற ஹெடர் குழாயும் மாத்துவமோ?

சித்தப்பா: கூம்பு ஃபில்டர் சத்தம் தரும், அவ்வளவுதான். பொனட்டுக்குள்ளை இருக்கிற சூட்டுக் காத்தை இழுக்கும். ஹெடருக்கும் காசு போடாதை, இதின்ரை சொந்த மேனிஃபோல்டே குழாய் குழாயா நல்லாச் செய்தது.

சித்தப்பா: காசு போகவேண்டிய இடம் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் சீல்கள். 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தவேணும், உன்ரை எப்ப மாத்தினதெண்டு ஆருக்கும் தெரியாது. அறுந்தால் இந்த எஞ்சினிலை வால்வு வளையாது, ஆனால் 401 ஹைவேயிலை நடுவழியிலை நிப்பாய். அதுக்காகப் புல்லியைக் கழட்டேக்கை கிராங்க் போல்ட்டும் சாவியும் புதுசு போடுவம். ரேடியேட்டர் தொட்டி கறுப்போ பழுப்போ?

தம்பி: பழுப்பு.

சித்தப்பா: அப்ப அதுவும் மாத்தவேணும். பிளாஸ்டிக் சூட்டிலை கிடந்து உக்கின நிறம் அது. ஒரு நாளைக்குச் சடாரெண்டு வெடிக்கும். பிறகு நல்ல டயர் நாலு. ஆயிரம் கிலோவும் இல்லாத காருக்கு வளைவிலைதான் வேகம்.

தம்பி: இழுவைக்கு ஒண்டுமே இல்லையோ? 😔

சித்தப்பா: இருக்கு, அதுவும் சும்மா. பொறி அடிக்கிற பேஸ் டைமிங் 10 டிகிரியிலை வந்தது. 14க்கு முன்னுக்குத் தள்ளலாம். பொனட்டுக்குள்ளை இருக்கிற டயக்னோஸ்டிக் பெட்டியிலை TEN, GND எண்டு எழுதின இரண்டு துளையையும் வயராலை இணைச்சு, டைமிங் லைட் அடிச்சு, எஞ்சினுக்குப் பின்னாலை இருக்கிற சென்சரை மெல்லத் திருப்பவேணும். கீழ் ஆர்பிஎம்மிலை வித்தியாசம் காலுக்குத் தெரியும். 91 ஒக்டேன் பெற்றோல் அடிக்கவேணும். மலை ஏறேக்கை டொக்டொக் எண்டு கேட்டால் உடனை திருப்பி இறக்கு. எப்பவாவது உண்மையா பெலன் வேணுமெண்டால் 94இன்ரை 1.8ஐயும் டிஃப்பையும் சேர்த்து எடுத்துப் போடுவம், நானே வந்து நிப்பன்.

அக்கா: டிரைவ்வேயிலை எண்ணெய் ஊத்தாதேங்கோ.

*ஞாயிறு, இரவு*

தம்பி: [படம்] சித்தப்பா போனாப்பிறகும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். பழைய சாவி. ஒரு பக்கமும் தேயேல்லை. காடியும் சுத்தம்.

தம்பி: டைமிங்கை 14இலை வைச்சு கிங்ஸ்டன் ரோட்டிலை ஒரு சுத்துப் போட்டு வந்தனான். இரண்டாவது கியரிலை முந்தி இருந்த தயக்கம் இல்லை. டொக்டொக் சத்தமும் இல்லை. மிச்சம் 2,300 டொலர். நாளைக்கு டயர் பார்க்கப்போறன்.

சித்தப்பா: முன் பின் நாலும் ஒரே வகையா எடு. அளவு கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலை இருக்கு, படம் எடுத்துக்கொண்டு போ.